பாவு, ஊடை, பெர்சன்டைல்

கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் வேகவைத்தால், இழையைப் பூசியிருக்கும் பசை கரைந்து போகும். அந்தப் பசைக்கு செரிசின் என்று பெயர். அது போனால்தான் பட்டுக்குப் பளபளப்பு வரும், சாயம் ஏறும். போகிற பசை எடையில் ஏறக்குறைய கால் பங்கையும் கூட்டிக்கொண்டு போகும். இப்போது கேள்வி: வெந்த பட்டு முக்கால் கிலோ வேண்டுமென்றால் எவ்வளவு கச்சாப் பட்டு வாங்க வேண்டும்?

பட்டம் வாங்கியவர்களில் பலர் 750 கிராமோடு அதில் 25 சதவீதத்தைக் கூட்டி 937.5 கிராம் என்பார்கள். ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டில் பட்டு வாங்கி, வேகவைத்து, சாயம் போட்டுப் பழகிய கைக்கு இந்தத் தடுமாற்றம் வராது. ஒரு கிலோ. 937.5 கிராமை அடுப்பில் ஏற்றிப் பாருங்கள், 703 கிராம்தான் மிஞ்சும். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு பாதியில் நிற்கும்.

ஜிமேட், கேட் போன்ற மேலாண்மைப் படிப்பு நுழைவுத் தேர்வுகளில் வரும் கணக்கு இந்த ரகம்தான். விடைகளாகக் கொடுத்திருப்பவற்றில் 1000 இருக்கும், 937.5-ம் கட்டாயம் இருக்கும். அவசரக்காரர் எங்கே விழுவார் என்று முன்கூட்டியே பார்த்து வெட்டிய குழி அது. சரியான விடையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். நம்பும்படியான தவறான விடைகளை எழுதுவதில்தான் கேள்வி தயாரிப்பவரின் கைவரிசை தெரியும்.

இந்தத் தேர்வுகளைப் பற்றி ஊரில் உலவும் முதல் பயம், 'மேத்ஸ் பயங்கரமா இருக்குமாம்' என்பது. பாடத்திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் அந்தப் பயத்துக்கு வேலையில்லை. தமிழ்நாட்டு எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்று ஓர் இயல் இருக்கிறது. சதவீதம், லாப நட்டம், தள்ளுபடி, கூட்டு வட்டி, நேரமும் வேலையும் என்று வரிசையாக வரும். அதோடு ஒன்பது, பத்தாம் வகுப்பின் இயற்கணிதமும் எண்ணியலும் நிகழ்தகவும் கொஞ்சம் சேர்ந்தால் ஜிமேட்டின் கணக்குப் பகுதி முடிந்தது. நுண்கணிதம் கிடையாது. முக்கோணவியல் கிடையாது. 2023 நவம்பரில் தேர்வைப் புதுப்பித்தபோது வடிவியலையும் கழற்றிவிட்டார்கள். ஐஐஎம்கள் நடத்தும் கேட் தேர்வில் வடிவியல் இன்னும் இருக்கிறது, மடக்கையும் எட்டிப் பார்க்கும். (பொறியியல் முதுகலைக்கான 'கேட்' வேறு. இரண்டையும் தமிழில் ஒரே மாதிரி எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது.)

அப்படியானால் எங்கே இடிக்கிறது? 2024 நவம்பர் 24 அன்று கேட் எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். அவர்களில் பொறியாளர்கள் ஏராளம். எட்டாம் வகுப்புக் கணக்கைப் போல நூறு மடங்கு கடினமானதைக் கல்லூரியில் பார்த்துவிட்டு வந்தவர்கள். இருந்தும் அண்மை ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணில் பாதிகூட எடுக்காதவர்களே 99 பெர்சன்டைலைத் தொட்டிருக்கிறார்கள். நூற்றில் ஒருவராக முன்னே நிற்பவருக்கே பாதி வினாத்தாள்தான் கைக்கு வருகிறது.

கடிகாரத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். கேட் தேர்வின் கணக்குப் பகுதி 22 கேள்விகள், 40 நிமிடம். கேள்விக்கு 1 நிமிடம் 49 விநாடி. ஜிமேட்டில் 21 கேள்விகள், 45 நிமிடம். கேள்விக்கு 2 நிமிடம் 9 விநாடி. ஐந்து நிமிடம் கொடுத்தால் எல்லாக் கேள்வியையும் போடக்கூடிய மாணவரும் இங்கே ஐந்து நிமிடம் செலவழித்தால் அடுத்த இரண்டு கேள்விகளைப் பறிகொடுக்கிறார். எதைப் போடுவது என்பதைவிட எதைத் தொடாமல் தாண்டிப் போவது என்ற முடிவுக்குத்தான் இங்கே மதிப்பெண். இந்த ஒரு விஷயம் பிடிபட்டவருக்குத் தேர்வு பாதி வசப்பட்டது.

இந்த மாதிரி முடிவுகள் தறிவீட்டுக்குப் புதிதல்ல.

முள்ளிப்பட்டு, சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று ஆரணியைச் சுற்றியுள்ள பட்டு நெசவு ஊர்களில் பிள்ளைகள் காதால் கேட்டு வளர்வதே கணக்குப் பேச்சைத்தான். முதலாளி பாவையும், குறுக்கே ஓடும் ஊடையையும், சரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார். நெய்து கொண்டுபோகும் சேலையையும் எடை போடுவார். கொடுத்தது, வந்தது, கழிவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் கேள்வி வரும். ஒரு பாவில் மூன்று சேலை இறக்க வேண்டுமென்றால், மூன்றாவது சேலையின் முந்தானைக்கு எவ்வளவு நீளம் மிஞ்ச வேண்டும் என்பதை முதல் சேலை நெய்யும்போதே மனதில் வைத்தாக வேண்டும். சரிகை 'மார்க்' கணக்கில் வரும். ஒரு மார்க் ஏறத்தாழ 240 கிராம். மூன்று சேலைக்கும் சேர்த்து இரண்டரை மார்க் கொடுத்தால் சேலைக்கு 200 கிராம். இதற்கு யாரும் கால்குலேட்டரைத் தேடுவதில்லை.

ஜக்கார்டுப் பெட்டியின் மேல் சுற்றிவரும் அட்டைகளை எடுத்துக்கொள்வோம். கரையின் டிசைன் 84 அட்டைக்கு ஒருமுறை முதலிலிருந்து தொடங்குகிறது. உடலில் விழும் புட்டா 120 அட்டைக்கு ஒருமுறை. இரண்டும் மறுபடி ஒரே இழையில் சேர்ந்து தொடங்குவது எப்போது? மீ.சி.ம. எடுத்தால் 840. தேர்வில் இதே கணக்கு, ஒரே நேரத்தில் அடிக்கும் இரண்டு மணிகளாகவோ ஒரே நேரத்தில் கிளம்பும் இரண்டு பஸ்களாகவோ வேஷம் கட்டி வரும்.

ஜிமேட்டின் அடையாளமாகிவிட்ட ஒரு கேள்வி வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'டேட்டா சஃபிஷியன்சி' என்பார்கள். கொடுத்த தகவல் போதுமா என்ற சோதனை. தமிழ்நாட்டு எம்.பி.ஏ. சேர்க்கைக்காக அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்விலும் இந்த வகை உண்டு. கேள்வி ஒன்று, அதன்கீழ் இரண்டு கூற்றுகள். விடையைக் கண்டுபிடிக்கச் சொல்ல மாட்டார்கள். விடை காண முதல் கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால் போதுமா, எது தனியாக வந்தாலும் போதுமா, இரண்டும் சேர்ந்தாலும் போதாதா? இந்த ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளியில் பன்னிரண்டு வருடம் 'விடை என்ன?' என்றே கேட்டுப் பழகிய மூளை முதல்முறை இதைப் பார்த்ததும் திகைக்கும்.

நெசவுக் கணக்கிலேயே ஒன்று பார்ப்போம். ஒரு சேலையின் அடக்க விலை என்பது பட்டு, சரிகை, கூலி மூன்றும் சேர்ந்தது. அதில் சரிகையின் பங்கு எத்தனை சதவீதம்? முதல் கூற்று: சரிகையின் விலை பட்டின் விலையில் பாதி. இரண்டாம் கூற்று: பட்டு, சரிகை இரண்டின் மொத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு கூலி.

'ரூபாய்க் கணக்கே கொடுக்கலையே, எப்படி முடியும்?' என்று கடைசி விடையைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறைய. சரிகையை ஒரு பங்கு என்று வையுங்கள். பட்டு இரண்டு பங்கு. இரண்டும் சேர்ந்து மூன்று, அதில் மூன்றில் ஒன்று கூலி, அதுவும் ஒரு பங்கு. மொத்தம் நான்கு. சரிகை நாலில் ஒன்று, 25 சதவீதம். ஒரு ரூபாய் எண்கூட இல்லாமல் விடை வந்துவிட்டது. இரண்டு கூற்றும் சேர்ந்தால் போதும். பழக்கப்பட்டவர்கள் 25 வரைகூடப் போக மாட்டார்கள். மூன்றுக்கும் விகிதம் கிடைக்கிறது என்று தெரிந்த இடத்திலேயே விடையை அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அந்த மிச்சம் பிடித்த 40 விநாடிதான் லாபம்.

அடுத்தது இன்னும் வில்லங்கமானது. கூலி கணக்குக்காக வைத்தது, சந்தைக் கூலி என்று நினைக்க வேண்டாம். எளிய கரை போட்ட சேலைக்குக் கூலி 2,900 ரூபாய், உடலெல்லாம் புட்டா விழும் சேலைக்கு 4,300 ரூபாய். இந்த இரண்டு ரகம் மட்டும் நெய்யும் ஒரு வீட்டில் எளிய சேலை எத்தனை நெய்தார்கள்? முதல் கூற்று: மொத்தக் கூலி 24,500 ரூபாய். இரண்டாம் கூற்று: மொத்தம் ஏழு சேலை.

தெரியாத எண் இரண்டு, சமன்பாடு இரண்டு வேண்டும் என்று பத்தாம் வகுப்பில் படித்தது ஞாபகம் வரும். கை தானாக 'இரண்டும் சேர்ந்தால் போதும்' என்பதை நோக்கிப் போகும். அதுதான் குழி. சேலை அரையும் காலுமாக வராது, முழு எண்ணாகத்தான் வரும். 24,500-ல் இருந்து 4,300-ஐ ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள்: 20,200, 15,900, 11,600, 7,300, 3,000. இவற்றில் 2,900-ஆல் மீதியின்றி வகுபடுவது 11,600 ஒன்றுதான். எளிய சேலை நாலு, புட்டா சேலை மூன்று. முதல் கூற்றே போதும். 'மொத்தம் ஏழு' என்பது வந்து ஒட்டிக்கொண்ட ஆசாமி. கணித விதியைப் படித்தவர் தவறவிடும் இந்த இடத்தை, சேலையைச் சேலையாகவே பார்ப்பவர் பிடித்துவிடுவார்.

தமிழில் இந்தப் புத்தி புதிதுமல்ல. காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்' என்ற பழைய நூலில் பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எண்ணச் சொல்லும் கணக்கு உண்டு. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். பலாப்பழம் இதை ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு விஷயம். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடமான காலத்தில் பின்னங்கள் நாக்கு நுனியில் இருந்தன. எட்டில் ஒன்று அரைக்கால், பதினாறில் ஒன்று மாகாணி, இருபதில் ஒன்று ஒருமா, எண்பதில் ஒன்று காணி. இன்றைய பயிற்சி மையங்களில் முதல் வாரப் பாடமே 12.5 சதவீதம் என்றால் எட்டில் ஒன்று, 6.25 என்றால் பதினாறில் ஒன்று என்று ஒரு பட்டியலை உருப்போடுவதுதான். ஜிமேட்டின் கணக்குப் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது என்பதால் அந்தப் பட்டியல் தப்பாமல் வேண்டும். கேட் தேர்வில் திரையிலேயே ஒரு கால்குலேட்டர் தருகிறார்கள். ஒவ்வொரு எண்ணாக மவுஸால் அழுத்தி முடிப்பதற்குள் மனக்கணக்குக்காரர் விடையைத் தேர்ந்தெடுத்திருப்பார்.

கலவைக் கணக்குக்கும் உள்ளூரிலேயே ஆள் இருக்கிறார்: பழைய பட்டுச்சேலை வாங்க வருகிறவர். அவருக்குச் சேலை முக்கியமில்லை, சரிகையில் இருக்கும் வெள்ளிதான் முக்கியம். 57 சதவீதம் வெள்ளியுள்ள சரிகை 100 கிராம், 40 சதவீதம் வெள்ளியுள்ளது 300 கிராம், இரண்டையும் உருக்கினால் வெள்ளி எத்தனை சதவீதம்? பெருக்கிக் கூட்டி வகுத்தும் போடலாம். இரண்டுக்கும் இடைவெளி 17, உயர்ந்த சரக்கு மொத்தத்தில் கால் பங்கு, ஆகவே 40-லிருந்து 17-ல் கால் ஏறும் என்றும் போடலாம். 44.25. இரண்டாவது வழியில் பேனாவுக்கே வேலையில்லை.

சதவீதக் கணக்கில் ஊர் வழக்கம் ஒன்று அப்படியே தேர்வுக்கு உதவும். 'நூறு ரூபான்னு வச்சுக்க' என்பதுதான் அது. விலையை 20 சதவீதம் ஏற்றி, ஆடித் தள்ளுபடி என்று 20 சதவீதம் இறக்கினால் கடைக்காரருக்கு என்ன ஆகும்? நூறு, நூற்றிருபதாகி, தொண்ணூற்றாறுக்கு வந்து நிற்கும். எக்ஸ் என்று வைத்து இரண்டு வரி எழுதுபவரைவிட இவர் பத்து விநாடி முன்னே இருப்பார்.

வேலை-நேரக் கணக்குக்கு வரும்போது மட்டும் முள்ளிப்பட்டு மாணவர் தேர்வை எதிர்த்துக் கேள்வி கேட்கலாம். ஒருவர் ஒரு சேலையை 12 நாளில் நெய்வார், இன்னொருவர் 15 நாளில், இருவரும் சேர்ந்தால்? வேலையை 60 பங்கு என்று வைத்தால் முதலாமவர் நாளுக்கு 5 பங்கு, அடுத்தவர் 4. சேர்ந்து 9. அறுபதை ஒன்பதால் வகுத்தால் ஆறே முக்கால் நாளுக்குச் சற்றுக் குறைவு. துல்லியமாக ஆறும் மூன்றில் இரண்டும். விடை சரி. ஆனால் ஒரு தறிக் குழியில் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே பாவில் ஆளுக்கொரு நாடா ஓட்ட முடியுமா என்ன?

கோர்வைச் சேலையில் நிலைமை நேர் எதிர். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம்; மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ளிக் கொடுக்க வழக்கமாக இன்னோர் ஆள் பக்கத்தில் இருப்பார். இருவர் சேர்ந்து பத்து நாளில் முடிக்கும் அந்தச் சேலையை ஒருவர் வராவிட்டால் மற்றவர் இருபது நாளில் முடித்துவிடுவார் என்று தேர்வு நினைக்கும். தறியில் அப்படி நடக்காது, வேலை அநேகமாக நின்றுவிடும். இதனால்தான் தேர்வுத்தாளில் இவ்வகைக் கேள்விகளோடு 'ஒவ்வொருவரும் தனியாக, மாறாத வேகத்தில்' என்ற வரி வால்போல ஒட்டிக்கொண்டே வரும். அந்த வரியைக் கேட்காமல் ஒப்புக்கொள்வது தேர்வு அறையின் நடைமுறை. எம்.பி.ஏ. சேர்ந்த பிறகு இதையே தலைகீழாகச் சொல்லித்தருவார்கள்: ஒரு கை தடைப்பட்டால் முழு வேலையும் தடைப்படும் என்று. எலியாஹு கோல்ட்ராட் 1984-ல் வெளியிட்ட 'தி கோல்' என்ற நாவல் முழுக்க ஒரு தொழிற்சாலையில் அந்தத் தடை எங்கே என்று தேடும் கதைதான். உலகெங்கும் வணிகப் பள்ளிகளில் அதைப் படிக்க வைக்கிறார்கள்.

ஜிமேட் பிறந்த கதை சுருக்கமானது. 1953-ல் அமெரிக்காவின் ஒன்பது வணிகப் பள்ளிகள் கூடி, மாணவர்களைச் சேர்க்கப் பொதுவாக ஒரு தேர்வு வேண்டும் என்று முடிவு செய்தன. அடுத்த ஆண்டு தேர்வு வந்தது; முதல் வருடம் சுமார் இரண்டாயிரம் பேர் எழுதினார்கள். ஜிமேட் என்ற பெயர் 1976-ல் வந்தது. 1997-ல் கணினிக்கு மாறியபோதுதான் பெரிய மாற்றம். அதன்பிறகு எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் கிடையாது. ஒரு கேள்விக்குச் சரியாக விடை சொன்னால் அடுத்தது கடினமாக வரும், தவறினால் எளிதாக வரும். நன்றாக எழுதுபவருக்குத் தேர்வு முழுக்கக் கஷ்டமாகவே தெரியும். 'எல்லாம் போச்சு' என்று வெளியே வருபவர் நல்ல மதிப்பெண்ணோடு நிற்பதன் ரகசியம் அதுதான். இப்போதைய வடிவத்தில் மொத்தம் 64 கேள்விகள், இரண்டே கால் மணி நேரம், மதிப்பெண் 205 முதல் 805 வரை. ஒரு பகுதியின் முடிவில் நேரம் மிஞ்சினால் மூன்று விடைகள் வரை திருத்தலாம்.

கேட் 2009-ல் கணினிக்கு வந்தது. சரியான விடைக்கு 3, தவறுக்கு 1 கழிவு. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரியாகக் கிடைப்பது பூஜ்யம்: நாலில் ஒரு முறை 3 வரும், மூன்று முறை ஒவ்வொன்றாகப் போகும். ஆனால் ஒரே ஒரு விடையையாவது 'இது இருக்க முடியாது' என்று தள்ளிவிட்டால் கணக்கு மாறும். மூன்றில் ஒரு முறை 3, இரண்டு முறை கழிவு. சராசரியாக மூன்றில் ஒரு மதிப்பெண் லாபம். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளுக்குக் கழிவு கிடையாது என்பதால் அவற்றைக் காலியாக விட்டுவருவது வீண். நிகழ்தகவு பாடத்தைத் தேர்வுக்குள் ஒரு கேள்வியாகக் கேட்கிறார்கள். தேர்வை எழுதும் விதத்திலும் அதே பாடம் இருப்பது பலருக்குக் கடைசிவரை உறைப்பதில்லை.

முள்ளிப்பட்டு மாதிரி ஊர்ப் பிள்ளைக்கு உண்மையான தடை கணக்கைவிடக் கேள்வியின் மொழி. கேட் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது, ஜிமேட்டும் அப்படியே. மீதி, ஈவு, பகா எண், தொடர்ச்சியான ஒற்றை எண்கள் என்று பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர், அதே சங்கதியை ஆங்கிலத்தில் வேறு பெயர்களோடு வாசித்துப் புரிந்துகொள்ள அரை நிமிடம் போய்விடும். ஒன்றே முக்கால் நிமிடத்தில் அரை நிமிடம் என்பது பெரிய வரி. அதிலும் 'அட் லீஸ்ட்', 'நாட் மோர் தேன்' போன்ற சின்னச் சொற்களில்தான் கணக்கே மாறும். 'ஏ என்பது பி-யைவிட 25 சதவீதம் அதிகம்' என்றால் 'பி என்பது ஏ-யைவிட 20 சதவீதம் குறைவு' என்பது தமிழில் சொன்னால் ஒருமுறையில் பிடிபடும். இதையே ஆங்கிலத்தில் நாலு வரியில் சுற்றி வளைத்துக் கேட்டால் நல்ல கணக்குப்பிள்ளையும் இடறுவார். இது தேர்வின் நியாயமின்மை என்று சொன்னால் தவறில்லை. எண்ணைச் சோதிக்கிறோம் என்று சொல்லிவிட்டு வாசிக்கும் வேகத்தையும் சேர்த்து எடை போடுகிறார்கள்.

பழக்கம் ஒன்றே இதற்கு மருந்து. கேட் எழுதியவர்களின் வினாக்களும் விடைகளும் வெளியாவதால் பழைய கேள்விகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஜிமேட் நடத்தும் அமைப்பே இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. கடைசி வரியை முதலில் வாசித்து, என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு மேலே போவது தமிழ்வழி மாணவர்களுக்குப் பயிற்சி தருபவர்கள் முதலில் சொல்லும் உபாயங்களில் ஒன்று.

எளிய வீட்டிலிருந்து இந்த வாசலைத் தாண்டியவர்கள் தமிழ்நாட்டில் இல்லாமலில்லை. சென்னை மடிப்பாக்கத்தில் வளர்ந்த சரத்பாபு ஏழுமலையை அவருடைய அம்மா இட்லி விற்றுப் படிக்கவைத்தார். பிட்ஸ் பிலானியில் வேதிப் பொறியியல், பிறகு அகமதாபாத் ஐஐஎம். 2006-ல் படிப்பு முடிந்ததும் பெரிய சம்பள வேலையை வேண்டாமென்று 'ஃபுட்கிங்' என்ற உணவு நிறுவனத்தைத் தொடங்கினார். 2009-ல் தென் சென்னையில் சுயேச்சையாக மக்களவைத் தேர்தலிலும் நின்றார். கணக்கையே பிழைப்பாக்கிக்கொண்டு வணிகப் பள்ளிக்குப் போனவர் பாலா பாலச்சந்திரன். புதுப்பட்டி என்ற சிற்றூரில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்து, அமெரிக்காவின் கார்னெகி மெலனில் முனைவர் பட்டம் வாங்கி, கெல்லாக் வணிகப் பள்ளியில் பல்லாண்டு பேராசிரியராக இருந்தார். 2004-ல் சென்னையில் கிரேட் லேக்ஸ் மேலாண்மைக் கல்லூரியைத் தொடங்கியவரும் அவரே. திருச்சியில் ஐஐஎம் வந்தது 2011-ல். அதற்கு முன் ஐஐஎம் கனவு என்றால் குறைந்தபட்சம் பெங்களூருக்காவது ரயில் ஏற வேண்டியிருந்தது.

தேர்வில் தேறியவரை ஐஐஎம்கள் நேர்முகத்துக்கு அழைக்கும். 'உங்கள் ஊர் எதற்குப் பேர் போனது?' என்ற கேள்வி அங்கே சாதாரணமாக வரும். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டைப் பற்றி ஒரு சேலைக்குப் பட்டு எவ்வளவு, சரிகை எவ்வளவு, கூலி எவ்வளவு, கடையில் விலை எவ்வளவு, நடுவில் யார் யாருக்கு எத்தனை பங்கு என்று உடைத்துச் சொல்லக்கூடியவர், பயிற்சி மையத்தில் உருப்போட்ட விடையோடு வரும் நகரத்துப் பையனைவிட அந்தப் பத்து நிமிடம் நன்றாகத் தாக்குப்பிடிப்பார். அந்த அறை வரைக்கும் போய்ச் சேருவதுதான் பாடு.

ஊர் நாள்காட்டியும் தேர்வு நாள்காட்டியும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கேட் விண்ணப்பம் ஆகஸ்டில் திறந்து செப்டம்பரில் மூடும்; தேர்வு நவம்பர் கடைசியில். ஆவணி முகூர்த்தம் தொடங்கி ஐப்பசி தீபாவளி வரை தறிக்கு வேலை மும்முரம். வீட்டில் இருப்பவர் எல்லாரும் ஊடை சுற்றவும் பாவு பிணைக்கவும் கை கொடுக்கும் மாதங்கள் அவை. 2024-ல் தீபாவளி அக்டோபர் 31, தேர்வு நவம்பர் 24. இடையில் மூன்றரை வாரம். ஆடியில் தறி மந்தமாக ஓடும் நாட்களில் புத்தகத்தைத் திறந்தவருக்கு நான்கு மாதம் கிடைக்கும். கட்டணம் 2024-ல் 2,500 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 1,250. தேர்வு மையம் வேலூரிலேயே உண்டு. டான்செட் பெரும்பாலும் மார்ச் மாதம் வருவதால், நவம்பரில் தவறவிட்டவருக்கு அதே படிப்பு இன்னொரு முறை கைகொடுக்கும்.

ஜிமேட்டுக்கு இந்த நாள் நெருக்கடி இல்லை. ஆண்டு முழுக்க நடக்கிறது, வீட்டிலிருந்தும் எழுதலாம், ஒருமுறை வாங்கிய மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். கேட் மதிப்பெண் ஒரு வருடத்தோடு சரி. ஆனால் ஜிமேட் கட்டணம் டாலரில். அதை ரூபாயாக மாற்றிப் பார்க்கும் கணக்கை மட்டும் யாரும் தவறாகப் போடுவதில்லை.